எலக்ட்ரானை ஒளியால் அளப்பது

(ஏலாக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீரமாமுனிவர் வாழ்ந்து தமிழ் வளர்த்த ஊர் இது. இங்கே வந்து இயற்பியல் பேசச் சொன்னபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. திறந்த காற்றில் எரியும் பிளாஸ்மாவுக்குள் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்பதை அந்த பிளாஸ்மா வெளியிடும் ஒளியை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி? இன்றைக்கு நான் சொல்லப்போவது இதைத்தான். ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் கடலைக் கொல்லைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாயுவைச் சூடாக்கியோ மின்னழுத்தம் கொடுத்தோ அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிட்டால் கிடைப்பது பிளாஸ்மா. இந்தப் பெயரை அதற்கு 1928-இல் வைத்தவர் அமெரிக்கரான இர்விங் லாங்மியூர். குழல் விளக்குக்குள் இருப்பது பிளாஸ்மா. ஆனால் அங்கே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் இதே காற்றழுத்தத்தில் உண்டாகும் பிளாஸ்மாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி மழையில் கொள்ளிடத்துக்கு மேலே வெட்டும் மின்னல் அதுதான். பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைக்கும்போது கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சமும் அதுதான். மின்னலின் தடத்தில் வெப்பநிலை 30,000 கெல்வினை ஒட்டிப் போகும். வெல்டிங் சுடரின் நடுவில் 15,000 கெல்வின் சாதாரணம். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,800 கெல்வின்தான்.

இதே காற்றழுத்தத்தில் இன்னொரு வகை பிளாஸ்மாவும் உண்டு. பேனா பருமனில் ஒரு குவார்ட்ஸ் குழாய். அதன் வழியே நிமிடத்துக்குச் சில லிட்டர் ஆர்கான் வாயு. குழாயைச் சுற்றி ஒரு செப்புப் பட்டை. அதற்குச் சில ஆயிரம் வோல்ட், நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னழுத்தம். குழாயின் வாயிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு கீற்று வெளியே நீளும். விரலை நீட்டினால் சுடாது. லேசாகக் காற்று படுவது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கீற்றுக்குள் ஓடும் எலக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 கெல்வினுக்கும் மேல்.

இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும்? எலக்ட்ரானைவிட ஆர்கான் அணு ஏறத்தாழ 73,000 மடங்கு கனமானது. உங்கள் ஊர்த் தேர்பவனியில் தேர்மேல் ஒரு சுண்டைக்காயை விட்டெறிந்தால் காய் தெறித்துத் திரும்பும், தேர் அசையாது. எலக்ட்ரான் ஆர்கானில் மோதுவதும் அப்படித்தான். ஒவ்வொரு மோதலிலும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 36,000-இல் ஒரு பங்கைத்தான் அணுவுக்குக் கொடுக்கிறது. மின்புலம் எலக்ட்ரானை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. வாயு சூடேறும் முன்பே குழாயை விட்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே எலக்ட்ரானுக்கு ஒரு வெப்பநிலை, வாயுவுக்கு வேறு வெப்பநிலை. இதைக் குளிர் பிளாஸ்மா என்கிறோம். இன்றைய பேச்சில் நீங்கள் முக்கியமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். இனி வரும் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சரி, இதனால் என்ன பயன்? வேகமான எலக்ட்ரான் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் உடைத்து ஓசோன், ஆக்சிஜன் அணு, ஹைட்ராக்சில் போன்றவற்றை உண்டாக்குகிறது. அவை கிருமிகளையும் பூஞ்சையையும் அழிக்கின்றன. பொருளோ சூடாவதில்லை. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தார் அங்கோரா முயல் கம்பளியின் மீது காற்றழுத்த பிளாஸ்மாவைச் செலுத்தி, இழைகள் உதிராமல் பிடித்து நிற்கும்படி செய்தார்கள். நமக்கு இன்னும் அருகிலேயே இருக்கிறது ஓர் இடம். திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி, திருவையாறு போய், தஞ்சாவூர் சேர்ந்தால் அங்கே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் குளிர் பிளாஸ்மாவை உணவுப்பொருளில் பயன்படுத்தும் ஆய்வு நடக்கிறது.

நம் அரியலூர், பெரம்பலூர் பக்கம் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிறோம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சை வரும். அதில் அஸ்பர்ஜில்லஸ் என்ற வகை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. சமைத்தாலும் முழுதாகப் போகாது. குளிர் பிளாஸ்மா அந்தப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும், நஞ்சையும் சிதைக்கும் என்று உலகெங்கும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டுரைகள் பலவற்றைப் படிக்கும்போது எனக்கு மனக்குறைதான் மிஞ்சுகிறது. இத்தனை கிலோவோல்ட் கொடுத்தோம், இத்தனை நிமிடம் வைத்தோம், பூஞ்சை இவ்வளவு குறைந்தது என்று எழுதுகிறார்கள். அந்த வோல்ட் இன்னொருவர் கருவியில் அதே பிளாஸ்மாவைத் தராது. மின்முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி மாறினால், வாயுவின் ஈரம் மாறினால், எல்லாமே மாறிவிடும். பூஞ்சையை அழிக்கும் வேதிவினையைத் தொடங்கி வைப்பது எலக்ட்ரான். எத்தனை எலக்ட்ரான், எவ்வளவு ஆற்றல் என்ற இரண்டு எண்களையும் சொல்லாதவரை ஓர் ஊரில் பலித்தது மறு ஊரில் பலிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. விவசாயியை நம்பிப் பணம் போடச் சொல்வதற்கு முன்னால் அந்த எண்களை அளந்தாக வேண்டும் என்பது என் திடமான கருத்து.

அளப்பது எப்படி? குறைந்த அழுத்தத்தில் லாங்மியூரே வழி காட்டினார். மெல்லிய டங்ஸ்டன் கம்பி ஒன்றை பிளாஸ்மாவுக்குள் நுழைத்து, மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, கம்பியில் பாயும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டால் இரண்டு எண்களும் வந்துவிடும். அங்கே எலக்ட்ரான் எதிலும் மோதாமல் நேரே கம்பிக்கு வந்து சேர்கிறது. காற்றழுத்தத்தில் அது நடக்காது. ஒரு மைக்ரோமீட்டர் ஓடுவதற்குள் ஏதாவது ஓர் அணுவில் இடித்துவிடும். கம்பியின் பருமனே அதைப்போல நூறு மடங்கு. கம்பியை நீட்டியதும் பிளாஸ்மா அதன்மேல் தாவிப் பிடிப்பதும் உண்டு. அப்போது அளக்க வந்த பொருளே மாறிவிடும். அதனால் தொடாமல் அளக்க வேண்டும். பிளாஸ்மா தானாகவே வெளியே அனுப்புவது ஒளி ஒன்றைத்தான்.

ஒளியைப் பிரித்துப் படிக்கும் கலை நம் மண்ணில் பழையது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரான்சு நாட்டு ஜான்சென் நிறமாலைமானியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரிய விளிம்பின் சுடர்களில் பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. சோடியத்தின் கோடுகளுக்கு அருகில் இருந்தாலும் அது சோடியம் அல்ல. பின்னால் ஹீலியம் என்று அறியப்பட்ட தனிமத்தின் கோடு அது. 1895-இல்தான் ராம்சே அதைப் பூமியில் பிரித்தெடுத்தார். இன்று குளிர் பிளாஸ்மாக் கீற்றுகள் பலவற்றில் ஓடுவது இதே ஹீலியம், 587.6 நானோமீட்டரில் அதே மஞ்சள் கோடு கணினித் திரையில் எழுந்து நிற்கும்.

கோட்டைப் பார்த்து இன்ன தனிமம் என்று சொல்ல முடிந்தது. அதிலிருந்து எலக்ட்ரான்களின் கணக்குக்குப் போகும் வழியைத் திறந்தவர் மேகநாத் சாகா. டாக்கா மாவட்டத்து ஒரு கிராமத்தில் 1893-இல் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். 26 வயதில் கல்கத்தாவில் இருந்தபடி அவர் எழுதிய கட்டுரை 1920-இல் வெளிவந்தது. அன்றைக்கு வானியலாரைக் குழப்பிய கேள்வி ஒன்று இருந்தது. சூரியப் பரப்புக்கு மேலே பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் கால்சியத்தின் இரண்டு கோடுகள், 393.4 நானோமீட்டரிலும் 396.8 நானோமீட்டரிலும், பளிச்சென்று தெரிகின்றன. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கால்சியம். ஆனால் இவை எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள். மேலே அழுத்தம் குறைவு. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அணுவோடு சேர வாய்ப்புக் குறைவு. ஆகவே அயனிகள் மிகுதி என்று சாகா காட்டினார். வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதை அவரது சமன்பாடு சொல்லிவிடும். ரூபிடியமும் சீசியமும் எலக்ட்ரானை எளிதில் இழப்பவை. அதனால்தான் சூரிய ஒளியில் அவற்றின் கோடுகள் காணோம், குளிர்ந்த சூரியப்புள்ளிகளில் தேடினால் கிடைக்கும் என்றார். ரூபிடியம் அப்படியே கிடைத்தது.

வெல்டிங் சுடருக்கு சாகாவின் சமன்பாடு நன்றாகப் பொருந்தும். அங்கே எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருப்பதால் ஆற்றல் பங்கிடப்பட்டு எல்லாமே ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகின்றன. குளிர் பிளாஸ்மாவில் எந்த வெப்பநிலையைச் சமன்பாட்டில் போடுவது? வாயுவின் 300 கெல்வினைப் போட்டால் ஓர் எலக்ட்ரான்கூட இருக்காது. எலக்ட்ரானின் 12,000 கெல்வினைப் போட்டாலும் விடை பிழைதான். சில கோடுகளின் பிரகாசத்தை ஒப்பிட்டு ஒரு நேர்கோடு போட்டு, அதன் சாய்விலிருந்து கிடைப்பதை எலக்ட்ரான் வெப்பநிலை என்று எழுதிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கோடு நேராக வந்துவிட்டதே என்று திருப்திப்படுகிறார்கள். சமநிலை இல்லாத இடத்தில் அந்த எண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மாணவர்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும்.

வேறு வழிகளில் மிகவும் கைகொடுப்பது ஹைட்ரஜன். வாயுக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும், 486.1 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடு தோன்றிவிடும். மின்புலத்துக்குள் வைத்தால் ஹைட்ரஜன் கோடுகள் பிளவுபடும் என்று 1913-இல் ஜெர்மனியின் யோகன்னஸ் ஸ்டார்க் கண்டறிந்தார். பிளாஸ்மாவில் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவைச் சுற்றியும் எலக்ட்ரான்களும் அயனிகளும் இருக்கின்றன. அவற்றின் மின்புலம் ஒவ்வோர் அணுவுக்கும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. எல்லா அணுக்களின் ஒளியும் சேர்ந்து வரும்போது கோடு அகலமாகிறது. எலக்ட்ரான் கூடக் கூட அகலமும் கூடும்.

எண்களைப் பாருங்கள். வெல்டிங் சுடரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எலக்ட்ரான் 10¹⁷ அளவில் இருக்கும். அதாவது லட்சம் லட்சம் கோடி. அங்கே இந்தக் கோட்டின் அகலம் ஏறத்தாழ 4.8 நானோமீட்டர், சாதாரண நிறமாலைமானியே காட்டிவிடும். எலக்ட்ரான் 10¹⁵ ஆகக் குறைந்தால் அகலம் 0.2. இன்னும் குறைந்து குளிர் பிளாஸ்மாக் கீற்றுக்குரிய 10¹⁴-க்கு வந்தால் 0.04 நானோமீட்டர்தான்.

இங்கேதான் சோதனை. கோட்டை அகலப்படுத்துவது எலக்ட்ரான் மட்டும் இல்லை. பக்கத்தில் மின்னேற்றம் இல்லாத ஆர்கான் அணுக்கள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5×10¹⁹ நிற்கின்றன. எலக்ட்ரான் ஒன்றுக்கு ஆர்கான் இரண்டரை லட்சம்! அவற்றின் நெருக்கடியே கோட்டை 0.05 முதல் 0.1 நானோமீட்டர் வரை அகலப்படுத்திவிடும். அணுக்கள் அங்குமிங்கும் ஓடுவதால் டாப்ளர் விளைவு கொஞ்சம் சேர்க்கும். நிறமாலைமானியின் பிளவும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கும். திரையில் தெரியும் அகலம் இவை எல்லாம் கலந்த மொத்தம். நாம் தேடும் 0.04 அதற்குள் ஒளிந்திருக்கிறது. கருவியின் அகலத்தைக் குறைந்த அழுத்தப் பாதரச விளக்கை வைத்துத் தனியே அளக்க வேண்டும். வாயுவின் வெப்பநிலையை ஹைட்ராக்சிலின் 309 நானோமீட்டர்ப் பட்டையின் வடிவத்திலிருந்து எடுத்து, ஆர்கானின் பங்கைக் கணக்கிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வாயு வெப்பநிலையில் சிறு பிசகு நேர்ந்தாலும் மிஞ்சும் எண் பெரிதும் மாறிவிடும். எலக்ட்ரான் 10¹⁴-க்கும் கீழே போனால் இந்த வழியை நான் நம்பமாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறொன்று. நிறமாலையில் எல்லோரும் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். கோடுகளுக்கு நடுவே, அடியில், மங்கலாக ஒரு தொடர் வெளிச்சம் பரவியிருக்கும். பின்னணி என்று சொல்லி அதைக் கழித்துவிடுவதுதான் பலர் வழக்கம். அது எங்கிருந்து வருகிறது? ஓடும் எலக்ட்ரான் ஓர் ஆர்கான் அணுவின் அருகே வந்து திசை திரும்புகிறது. திரும்பும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஒளியாக உமிழ்கிறது. எவ்வளவு என்று வரையறை இல்லாததால் எல்லா அலைநீளத்திலும் இந்த ஒளி வரும். இதைத் தடையொளி எனலாம்.

இந்தத் தடையொளியின் வடிவத்தைத் தீர்மானிப்பது எலக்ட்ரானின் வெப்பநிலை. எலக்ட்ரான் சூடாக இருந்தால் புறஊதாப் பக்கம் ஒளி மிகும். ஆறினால் சிவப்புப் பக்கம் சாயும். அதன் அளவைத் தீர்மானிப்பது எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஆர்கான் எண்ணிக்கையும் பெருக்கிய தொகை. ஆர்கான் எத்தனை என்பதை அழுத்தமும் வாயு வெப்பநிலையும் சொல்லிவிடும், மிச்சம் எலக்ட்ரான். ஒரே நிறமாலையிலிருந்து இரண்டு எண்களும் வந்துவிடுகின்றன! கம்பிக்கு இடைஞ்சலாக நின்றது, ஹைட்ரஜன் கோட்டைக் குழப்பியது, அந்த ஆர்கான் கூட்டம்தான். தடையொளிக்கு அதே கூட்டம் வலு. குறைந்த அழுத்தத்தில் இந்த ஒளி கண்ணுக்கே எட்டாது. தென்கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்கள் இந்த முறையைச் செம்மையாக்கி, 2014 முதல் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவற்றைப் படித்தபோது, பலர் குப்பை என்று ஒதுக்கிய வெளிச்சத்தில் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று வியந்தேன்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒளியின் வடிவத்தை நம்ப வேண்டுமானால் ஒளியிழையும் ஒளியைப் பிரிக்கும் கீற்றணியும் உணரியும் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகின்றன என்று தெரிய வேண்டும். ஒளி அளவு குறிக்கப்பட்ட டங்ஸ்டன் விளக்கையும், புறஊதாவுக்கு டியூட்டிரியம் விளக்கையும் வைத்து முதலில் தரப்படுத்த வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறும் புறஊதாவில் தொடர் ஒளி தரும். அது கலந்துவிட்டால் எலக்ட்ரான் உள்ளதைவிடச் சூடாகத் தோன்றும். வாயு ஆர்கானாகவோ ஹீலியமாகவோ இருக்கும்வரை சமாளிக்கலாம். வெறும் காற்றில் பிளாஸ்மா உண்டாக்கினால் நைட்ரஜனின் பட்டைகள் எங்கும் நிறைந்து தடையொளியை மறைத்துவிடும்.

காற்றுக்கு அந்த நைட்ரஜனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். 337.1 நானோமீட்டர் ஒளியைத் தர நைட்ரஜன் மூலக்கூறை 11 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலால் இடித்தால் போதும். 391.4 நானோமீட்டர் ஒளி நைட்ரஜன் அயனியிலிருந்து வருவது. அதற்கு ஏறத்தாழ 18.8 வேண்டும். இரண்டாவது ஒளி முதலாவதோடு ஒப்பிடக் கூடினால், அந்த அளவுக்கு வேகமான எலக்ட்ரான்கள் கூடியிருக்கின்றன என்று பொருள். காற்றின் ஆக்சிஜன் இந்த ஒளி வெளிவரும் முன்பே பெரும் பகுதியை அணைத்துவிடுவதால் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. கண்ணுக்கு அந்த ஊதாக் கீற்று அசையாமல் நிற்பது போலத் தெரிகிறது. சில நானோநொடிக்கு மட்டும் திறக்கும் கேமராவில் பார்த்தால் கீற்றே கிடையாது. சிறிய ஒளிக் குண்டு ஒன்று நொடிக்குப் பத்துக் கிலோமீட்டர் முதல் நூறு கிலோமீட்டர் வரை வேகத்தில் பாய்கிறது. மறுபடி அடுத்த சுற்றில் இன்னொன்று. நடுவில் பெரும்பாலும் இருட்டு. ஒளியிழை வைத்து ஒரு நொடி நேரம் ஒளியைச் சேர்த்தால் கிடைக்கும் எண் பளிச்சிட்ட கணங்களைப் பற்றியது மட்டுமே. அதேபோல ஒளியிழை கீற்றின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்க்கும். பல கோணங்களில், பல உயரங்களில் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

நாளைக்கு நம் ஊருக்குக் கடலையைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மாக் கருவி என்று ஒருவர் கொண்டுவந்து காட்டலாம். வோல்ட்டும் வாட்டும் சொல்வார். எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு, எந்த முறையில் அளந்தீர்கள், காற்றின் ஈரப்பதம் மாறும்போது அது எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அளந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்; நீராவி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும், நமக்குப் பூஞ்சை வருவதும் ஈரத்தில்தான்.

இன்றுவரை சரியாக அளக்க முடியாமல் இருப்பது ஓர் இடம். கடலைத் தோலின் மேற்பரப்பை ஒட்டிய கடைசி அரை மில்லிமீட்டர். பிளாஸ்மா தோலைத் தொடும்போது தோலில் மின்னேற்றம் படிகிறது, அதன் ஈரம் ஆவியாகிறது, மின்புலம் திரிகிறது. அங்கே எலக்ட்ரானின் நடத்தை கீற்றின் நடுவில் உள்ளதைப் போல இருக்காது. தோலின் சுருக்கங்கள் ஒளியை மறைக்கின்றன, சிதறடிக்கின்றன. கண்ணாடித் தகட்டின் மீது, நீர்ப்பரப்பின் மீது இந்த அளவீட்டைச் செய்திருக்கிறார்கள். சுருக்கம் விழுந்த, ஈரமான, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத விளைபொருளின் மீது செய்வது அதைவிடக் கடினம். அந்த விளைபொருள் நம் கொல்லையில் இருக்கிறது. அதை ஆராயும் கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருந்தால், அந்த அரை மில்லிமீட்டரை அளக்க வாருங்கள் என்று கூப்பிடுகிறேன்.